பட்டியல் ஸ்லைடா, ஒற்றை வாக்கிய ஸ்லைடா? கடைசி வரிசையிலிருந்து ஓர் ஒப்பீடு

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களிலும் பள்ளிகளிலும் குடிநீரில் கலந்திருக்கும், அளவு மிஞ்சினால் பற்களில் கறையை உண்டாக்கும் ஃபுளோரைடு பற்றிப் பேசுவதற்காக நான்கு ஆண்டுகளாக ஸ்லைடுகள் தயாரித்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் மேலே ஒரு தலைப்பு, கீழே புள்ளி வைத்த ஐந்தாறு வரிகள் என்று எல்லோரும் அமைப்பது போலவே அமைத்தேன். பிறகு அதைக் கைவிட்டு, ஸ்லைடுக்கு ஒரே ஒரு முழு வாக்கியம், அந்த வாக்கியத்துக்குச் சான்றாக ஒரு படம், மற்ற விவரங்களுக்குக் கையில் கொடுக்கும் அச்சுத்தாள் என்ற முறைக்கு மாறிக்கொண்டேன். இரண்டையும் ஒரே பொருளுக்கு, ஒரே மாதிரியான அவையில் பயன்படுத்திப் பார்த்தவன் என்பதால் இவற்றை ஒப்பிடத் துணிகிறேன். என் சாய்வு இரண்டாவது முறையின் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாறியதற்குக் காரணம் பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டம். ‘நீரும் ஃபுளோரைடும்’ என்ற தலைப்பின் கீழே ஆறு வரிகள் வைத்திருந்தேன். அவற்றில் நான்காவது வரி, தண்ணீரைக் காய்ச்சுவதால் ஃபுளோரைடு நீங்குவதில்லை என்பது. அந்த ஸ்லைடு திரையில் இருக்கும்போதே, பின்னால் அமர்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து, “கண்ணு, காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடுமா?” என்று கேட்டார். விடை அவர் கண்ணெதிரே எட்டடி அகலத்தில் எழுதப்பட்டிருந்தது. முன்வரிசையில் இருந்த, நன்றாகப் படிக்கத் தெரிந்த இளைஞர்களும் அவரோடு சேர்ந்து என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவருக்கு எழுத்து எட்டவில்லை, மற்றவர்களுக்கு ஆறு வரிகளில் எது முக்கியம் என்பது எட்டவில்லை. அதே செய்தியை இப்போது ‘காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது’ என்ற ஒரே வாக்கியமாக எழுதி, அடியில் அடுப்பின் மேல் கொதிக்கும் பாத்திரத்தின் படத்தை வைக்கிறேன். நீர் ஆவியாகிப் போகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கும், ஆகவே காய்ச்சக் காய்ச்ச மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடும் என்பதை வாயால் சொல்கிறேன்.

பட்டியல் முறையின் நன்மைகளை மறுக்க முடியாது. விரைவாகத் தயாராகிறது, பேசுபவருக்கு நினைவுக் குறிப்பாகிறது, கூட்டத்துக்கு வராதவருக்கு அனுப்பினாலும் ஓரளவு புரிகிறது. ஆனால் இந்த மூன்றுமே பேசுபவருக்கும் வராதவருக்கும் கிடைக்கும் நன்மைகள். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரே நேரத்தில் படிக்கவும் கேட்கவும் வேண்டியிருக்கிறது. அவர் படிக்கும்போது நம் பேச்சைத் தவறவிடுகிறார், நம் பேச்சைக் கேட்கும்போது திரையைத் தவறவிடுகிறார். பட்டியலில் முக்கியமானது புதைந்துபோகும் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு உலகம் அறிந்த சான்று கொலம்பியா விண்ணோடம். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்த அந்த விபத்தை ஆராய்ந்த குழு, விண்ணோடம் வானில் இருந்தபோதே பொறியாளர்கள் காட்டிய ஒரு ஸ்லைடைத் தன் அறிக்கையில் தனியாக எடுத்து விமர்சித்தது. ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்து இறக்கையில் மோதிய நுரைத் துண்டு ஏறத்தாழ 1,920 கன அங்குலம், சோதனைகளில் பயன்படுத்தப்பட்டதோ வெறும் 3 கன அங்குலம் என்ற செய்தி, தலைப்பில் வராமல், உள்ளே தள்ளி எழுதிய கடைசி வரிகளில் கிடந்தது. தலைப்போ பாதுகாப்பாக இருக்கிறது என்ற எண்ணத்தையே தந்தது. விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தலைப்பு வரியில் முடிவு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் ஸ்லைடு செய்பவர் முடிவெடுக்க வேண்டிய இடம் வேறொன்று, அது எழுத்தின் அளவு. என்னைப் பொறுத்தவரை இரண்டு முறைகளுக்கும் இடையிலான வழக்கை இது ஒன்றே தீர்த்துவைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுத்தளவைப் புள்ளியில் (பாயிண்ட்) சொல்வார்கள், 72 புள்ளி ஓர் அங்குலம். புத்தகத்தில் 12 புள்ளி அளவுள்ள எழுத்தை நாம் ஏறக்குறைய 16 அங்குலத் தொலைவில் வைத்துச் சிரமமின்றிப் படிக்கிறோம். அந்த எழுத்தின் அளவு அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது தொலைவில் 96-இல் ஒரு பங்கு. கூடத்தின் கடைசி வரிசை திரையிலிருந்து 30 அடி என்றால், அதே எளிமையோடு படிப்பதற்குத் திரையில் எழுத்து 3.75 அங்குலம் இருக்க வேண்டும். திரையில் விழும் படத்தின் உயரம் 4 அடி என்று கொள்வோம். பவர்பாயிண்ட் ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 புள்ளி. இதை வைத்துப் பார்த்தால் தேவைப்படும் எழுத்தளவு சுமார் 42. நான் பட்டியல் ஸ்லைடுகளில் வைத்திருந்த அளவு 20, சிலவற்றில் 18.

42 என்ற அளவில் தமிழ் எழுதினால் ஒரு வரிக்கு மூன்று சொற்கள் வரும், சில நேரம் இரண்டுதான் வரும். ‘பயன்படுத்தக்கூடாது’ என்ற ஒரு சொல்லே பாதி வரியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு வரிக்கு ஆறு சொல், ஒரு ஸ்லைடுக்கு ஆறு வரி என்று ஆங்கிலப் பயிற்சிகளில் சொல்லப்படும் விதியை அப்படியே எடுத்துக்கொள்பவர் தமிழில் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுவே. ஆங்கிலத்தில் தனித்தனிச் சிறு சொற்களாக நிற்பவை நம்மிடம் வேற்றுமை உருபும் துணைவினையுமாக ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்கின்றன. ஆறு சொற்கள் நம் திரையில் இரண்டு வரிகளாகவோ மூன்றாகவோ மடிகின்றன. அப்போது மென்பொருள் ஓர் உதவி செய்கிறது, அந்த உதவிதான் கெடுதல். பெட்டிக்குள் எழுத்து அடங்காதபோது பவர்பாயிண்ட் தானாகவே எழுத்தைச் சுருக்குகிறது. தட்டச்சு செய்பவர் இரண்டடித் தொலைவில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் 28 என்று தொடங்கியது 18-க்கு இறங்கியதைக் கவனிப்பதில்லை. பெட்டியின் அமைப்புகளில் இந்தத் தானியங்கிச் சுருக்கத்தை நிறுத்திவிடுவது, எந்த முறையைப் பின்பற்றினாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை.

எழுத்து சிறுத்தால் தமிழில் இழப்பதும் அதிகம். மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோனால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிறது. கி, கீ ஆகியவற்றின் கொக்கிகள் தொலைவில் ஒன்றுபோலத் தெரிகின்றன, ண, ன இரண்டும் குழம்புகின்றன. இதைச் சரிசெய்ய எண்ணி மிகத் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் சுழிகள் அடைபட்டுவிடுகின்றன. அடிக்கோடு போட்டால் ழ, ரு போன்றவற்றின் கீழ்ப்பகுதி கோட்டில் மறைகிறது. ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமானால் அதன் நிறத்தை மாற்றுவதே நல்லது. சிவப்பும் பச்சையும் வேறுபடுத்தத் தெரியாதவர்கள் அவையில் இருக்கக்கூடும் என்பதால் நான் அடர்நீலத்தையும் ஆரஞ்சையும் வைத்துக்கொள்கிறேன்.

ஒற்றை வாக்கிய முறையில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. இரண்டு வரிகளுக்கு மிகாத ஒரு வாக்கியம் 44 அளவிலும் தாராளமாக அடங்குகிறது, படத்துக்கும் முக்கால் பங்கு இடம் மிஞ்சுகிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 15.6 அங்குல மடிக்கணினியில் ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால், மேலே சொன்ன கூடத்தின் கடைசி வரிசைக்குத் தெரிவது போலவே தெரியும். என் பழைய ஸ்லைடுகளை அப்படி நின்று பார்த்தபோதுதான் அந்தப் பாட்டியின் கேள்வி எனக்கு முழுமையாக விளங்கியது.

நம் பகுதியில் இதை மேலும் கடினமாக்குபவை இரண்டு. ஒன்று வெளிச்சம். பள்ளி வகுப்பறைகளில் சன்னலுக்குத் திரைச்சீலை இருப்பதில்லை, பகல் பதினொரு மணிக்கு அறையை இருட்டாக்க வழியில்லை. ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, திரையின் மேல் விழும் அறை வெளிச்சமே அங்கு கறுப்பாகக் கொள்ளப்படுகிறது. எனவே மடிக்கணினியில் எடுப்பாகத் தெரிந்த நீலப் பின்னணியும் மஞ்சள் எழுத்தும் அங்கே வெளிறிப்போகின்றன. வெள்ளைப் பின்னணியும் கறுப்பு எழுத்துமே தாக்குப்பிடிக்கின்றன. இரண்டாவது, பழைய ப்ரொஜெக்டர்கள். இன்றைய பவர்பாயிண்ட் இயல்பாக 16:9 விகிதத்தில் ஸ்லைடைத் தருகிறது, பள்ளிகளில் இருக்கும் பல கருவிகள் 4:3 விகிதம் கொண்டவை. அவற்றில் அகலத்துக்குப் பொருந்துமாறு படம் சுருங்குவதால் உயரத்தில் கால் பங்கு வீணாகிறது, எழுத்தும் அதே அளவுக்குச் சிறுக்கிறது. போகும் இடத்தில் எந்தக் கருவி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கேன்வா போன்ற வடிவமைப்பு இணையதளங்களில் கிடைக்கும் தயார் வடிவங்களை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்கிறார்கள். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் பார்த்த வடிவங்களில் தலைப்புக்கு விட்டிருக்கும் இடம் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு அளந்தது. அதில் தமிழ் வாக்கியத்தை இட்டதும் மீண்டும் எழுத்தைச் சுருக்க வேண்டிய இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

எழுத்துருச் சிக்கல் இரண்டு முறைகளுக்கும் பொது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே திறக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து, விண்டோஸ் 8 முதல் உடன் வரும் நிர்மலா எழுத்துருவைப் பயன்படுத்தி, பென் டிரைவில் ஒரு பிடிஎஃப் நகலையும் எடுத்துப் போனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அசைவூட்டங்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த பிடிஎஃப் நகலில் அவை எப்படியும் வேலை செய்யாது.

எண்களைக் காட்டும்போதும் ஒற்றை வாக்கிய முறையே எனக்குக் கைகொடுத்தது. முன்பு பன்னிரண்டு ஆழ்துளைக் கிணறுகளின் அளவீடுகளை அட்டவணையாகப் போட்டிருந்தேன். யாரும் தம் தெருக் கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. இப்போது அந்த ஊரின் மூன்று கிணறுகளை மட்டும் பட்டை வரைபடமாக வரைந்து, குறுக்கே இரண்டு கோடுகள் இடுகிறேன். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு, வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அதே தரநிலை. மேலே, ‘கோயில் தெருக் கிணற்று நீர் குடிக்க ஏற்றதல்ல’ என்று வாக்கியம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் சமையலுக்குப் போர் தண்ணீரையே எடுக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த வரைபடம் வந்ததும் பேச்சு தானாகவே அவர்கள் வீட்டுக் குடத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த முறையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தயாரிக்க நேரம் பிடிக்கிறது. ஒரு பொருளை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாதபோது, அந்தப் பொருள் நமக்கே தெளிவாகவில்லை என்று தெரிந்து மறுபடியும் படிக்க வேண்டியிருக்கிறது. படங்களை நம் ஊரிலேயே எடுக்க வேண்டும். குழந்தைகளின் பற்கறையைக் காட்டும் படத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், முகம் தெரியக்கூடாது. அச்சுத்தாளுக்குச் செலவு உண்டு. எல்லாவற்றிலும் பெரிய குறை, வேறொருவரிடம் ஒப்படைப்பது கடினம் என்பது. எனக்கு உடல்நலமில்லாத ஒரு நாளில் என் ஸ்லைடுகளை எடுத்துப்போன தோழர், படத்தைக் காட்டிவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். அதன் பிறகு ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் உள்ள குறிப்புப் பகுதியில் பேச வேண்டியதை எழுதி, அதையும் தனியாக அச்சிட்டு வைக்கிறேன். பட்டியல் ஸ்லைடாக இருந்திருந்தால் அவர் எப்படியோ வாசித்து முடித்திருப்பார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் மிகுதி. ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதால் இந்த முறை அங்கும் எளிதாக இருக்க வேண்டும். ஆயினும் இரண்டு ஊர்களில் மட்டுமே செய்து பார்த்திருப்பதால் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். இணையவழிக் கூட்டங்களிலும் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் பார்ப்பதால் 30 அடிக் கணக்கு செல்லாது, ஆனாலும் கைப்பேசித் திரை சிறியது என்பதால் பெரிய எழுத்தே உதவும் என்று நினைக்கிறேன். அலுவலர்களின் ஆய்வுக் கூட்டத்துக்கு மட்டும் இன்றும் பட்டியல் ஸ்லைடே கொண்டுபோகிறேன். அவர்கள் அதை அச்சிட்டுக் கோப்பில் வைப்பார்கள், அடுத்த கூட்டத்தில் அதே தாளைப் பிரித்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். அங்கும் தலைப்பு வரியில் முடிவை எழுதுவதையும், தானியங்கிச் சுருக்கத்தை நிறுத்திவைப்பதையும் விடுவதில்லை.