பெடல் மெஷின், கயிற்றுக் கட்டில், ஒரு நோட்டு: இரண்டு வருட அனுபவம்

2023 ஆடியில் எனக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பல்லடம் பக்கம் எட்டுத் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். மூன்றாவது மாதம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கிற சின்னப் பெடல் மெஷின் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினோம்.

மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும்; சுவரோடு முட்டுக்கொடுத்த பிறகுதான் நின்றது. இடது பாதம் பெடலில் தங்காது. கூட வந்த பட்டை போதவில்லை என்று, பழைய வேட்டியைக் கிழித்து வீட்டுக்காரி கட்டிவிடுவாள். இறுக்கம் கூட்டுகிற திருகு பத்து நிமிடத்தில் தொட முடியாதபடி சுடும். எண் காட்டுகிற டப்பா ஆறே மாதத்தில் செத்தது. போனதும் நல்லதுக்குத்தான். நேற்றைவிட நூறு சுற்று கூட என்று அதைப் பார்த்துப் பார்த்தே மிதித்துக்கொண்டிருந்தேன்.

அசதியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நூல் பேல் இறக்கிய களைப்பு ஒரு டீயில் தீரும். இதுவோ, குளித்துச் சவரம் செய்துவிட்டு வந்தாலே ஃப்யூஸ் போன மாதிரி ஆகிவிடும். லேசாக வாதம் வந்து நன்றாக நடமாடுகிறவர்களுக்கும் இது உண்டு என்றார் டாக்டர். ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் இதெல்லாம் கூட்டிவிடும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். எனக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்ததில் பாதி தெளிந்தது, மீதி இன்னும் இருக்கிறது.

ஏமாற்றுவது நல்ல நாள்தான். 2024 பொங்கல் முடிந்த வாரம் உடம்பு லேசாக இருந்தது. அரை மணி நேரம் மிதித்தேன், அப்புறம் தோட்டம் வரை நடந்துபோய் கிணற்று மேட்டிலும் ஏறினேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. விரல்கள் இறுகி உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. மூன்று நாள் படுக்கை. பிசியோ தம்பி வந்து பார்த்துவிட்டு, "ஊடை அறுந்தா தறி அப்பவே நிக்குதுங்ணா. உங்க உடம்பு மறுநாள்தான் நிக்குது" என்றார்.

அன்றுதான் நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் செய்தது, வலப்பக்கம் மறுநாள் காலை உடம்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க். ஒரு மாதத்தில் புரிந்துவிட்டது. எட்டு நிமிடம் மிதித்து, படுத்து எழுந்து, இன்னொரு எட்டு மிதித்தால் மறுநாள் ஏழு மார்க். அதே பதினாறை ஒரே மூச்சில் மிதித்தால் நாலு. கல்யாண மண்டபத்துக்குப் போய் வெறுமனே உட்கார்ந்து வந்தாலும் நாலுதான். மேளமும் மைக்கும் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசுவதும் மூளையைப் பிழிந்துவிடும். ஆகவே மண்டபம் போகிற நாளில் பெடல் கிடையாது. மிதிக்கும்போது மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். ஒரு வாரம் முழுக்க மார்க் இறங்காமல் இருந்தால்தான் ஒரு நிமிடம் கூட்டுவேன்.

படுப்பதற்குத்தான் கூச்சமாக இருந்தது. பகல் பதினொரு மணிக்கு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டால் வருகிறவர்கள், "படுத்தே கெடந்தா கை கால் எப்படிங்க வரும்?" என்பார்கள். அம்மாவுக்கும் அதே கவலை: "ரெண்டு எட்டு நட கண்ணு." அசந்து விழுந்த பிறகு படுத்தால் இரண்டு மணி நேரமானாலும் தெளியாது, இரவுத் தூக்கமும் போய்விடும். விழுவதற்கு முன்பே, அலாரம் வைத்து, அரை மணி. இதை அம்மாவுக்கு விளக்கவே ஒரு வருடம் ஆனது.

ஒன்று மட்டும். வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை திடீரென்று தொய்வது இவற்றை அசதிக் கணக்கில் எழுதக் கூடாது. உடனே 108.

இப்போது காலை பன்னிரண்டு, பொழுதோட பன்னிரண்டு நிமிடம். சட்டைப் பட்டன் இன்னும் ஒரு கையால்தான். போன மாதம் பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கும் வாதம் வந்தது. மெஷின் எங்கே வாங்கியது என்று அவர் பையன் கேட்டான். கடையைச் சொன்னேன். வேட்டித் துணி கட்டுகிற விதத்தை வீட்டுக்காரி காட்டிக்கொடுத்தாள். நோட்டை அவனே ஃபோட்டோ எடுத்துக்கொண்டான்.