பட்டாலையில் பட்டிங்: எந்தப் பயிற்சி கைகொடுத்தது?

நான் கோல்ஃப் ஆடுவது கொடைக்கானலில், 1895-ல் தொடங்கிய கிளப்பில், அதுவும் எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் காரைக்குடி வீட்டுப் பட்டாலையே, அதாவது கூடமே, எனக்கு மைதானம். ஓர் ஆட்டத்தை முடிக்க வைத்திருக்கும் அடிகளின் கணக்கான பார் 72 என்றால், அதில் 36 ஷாட் பட்டிங்குக்கு, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதற்கு. சரிபாதி. அதனால் வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளை வருடக்கணக்காக விடாமல் செய்துவருகிறேன்.

முழுப் பலன் தந்தது கேட் பயிற்சி. ஜமக்காளம் விரித்து, பந்துக்கு ஒரு முழம் முன்னால் இரண்டு டார்ச் லைட் செல்களை 6 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்திவைப்பேன். பந்தின் விட்டம் 4.27 சென்டிமீட்டர். பத்தடி பட்டில் பந்து ஒரு பாகை விலகிக் கிளம்பினாலே குழியை எட்டும்போது அதன் நடுவிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போய்ச் சேரும். குழியின் அகலமே 4.25 அங்குலம்தான், விளிம்பில் பட்டுத் தெறித்துவிடும். இந்தக் கேட்டும் ஏறத்தாழ அந்த ஒரு பாகைக்குத்தான் இடம் கொடுக்கிறது. வலது கைக்காரருக்கு வலப்பக்கச் செல் விழுந்தால் மட்டை முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது, இடப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம் மூடியிருக்கிறது. பார்க்கக்கூட வேண்டாம், காதே சொல்லிவிடும். இரண்டாம் கட்டில் வேலையாக இருக்கும் ஆத்தா, "இன்னைக்குச் சத்தமே காணோமே, நல்லா அடிக்கிறியோ?" என்று கேட்டால் அன்று எனக்குத் திருநாள்.

வளவு, அதாவது முற்றத்துப் பக்கம் மழைத்தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருக்கிறார்கள். ஒரு முழ தூரத்துக்குள் அது பந்தைத் திருப்பாது என்பதால் கேட்டுக்கு இடைஞ்சல் இல்லை.

தூரம் பழகுவதற்கு மட்டும் வீட்டுத்தரை ஆகவே ஆகாது. கண்ணாடி மேல் வார்த்தெடுத்த ஆத்தங்குடிக் கல்லில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். அதில் பழகிய கை மெத்தனமாகிவிடும். புல்லில் பந்து குழிக்கு முன்னாலேயே நின்றுபோகும். ஆகவே ஏணிப் பயிற்சியை கொடைக்கானல் போனதும் கிரீனிலேயே (குழியைச் சுற்றி ஒட்டக் கத்தரித்த புல்தரையிலேயே) செய்கிறேன்: 10, 20, 30 அடி என்று தள்ளித் தள்ளி நின்று, குழி தவறினாலும் பந்து அதைக் கொஞ்சம் தாண்டி நிற்கும்படி. கோல்ஃப் பயிற்சியாளர் டேவ் பெல்ஸ் சொன்ன கணக்கு 17 அங்குலம்.

குழியைச் சுற்றி மூன்றடியில் பந்துகளை வைத்து அடிக்கும் கடிகாரப் பயிற்சியும் நல்லதுதான், சரிவு பிடிபடும். நேரம் போதாவிட்டால் அதை விட்டுவிடுவேன், ஏணியை விடமாட்டேன். ஒரு குழிக்கு மூன்று பட் ஆவது பெரும்பாலும் முதல் பட்டின் தூரம் பிசகுவதால்தான்.