ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா: விராலுக்கும் வாளைக்கும் இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு

ரிப்பேருக்குப் போன பெய்ட்காஸ்டர் (நரம்பு சுற்றிய ஸ்பூல் என்ற உருளையே சுழன்று நரம்பை விடும் தூண்டில் ரீல்) ஒருவழியாகக் கைக்கு வந்த வாரத்தில்தான் குமாரபாளையத்துத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, விராலுக்கும் வாளைக்கும் சேர்த்து ஒரே ஒரு ரீல்னா எதுங்ணா வாங்கறது? பெய்ட்காஸ்டர் விலை இப்ப நல்லா எறங்கிருக்கு." போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

கட்லா, ரோகுக்குப் பிண்ணாக்கு உருண்டை போட்டு உட்காருபவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. ஸ்பூல் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி வந்து நரம்பை ஏற்றும் ஸ்பின்னிங் ரீலே போதும். ஃப்ராக், ஸ்பூன், கிராங்க் என்று லூர் (போலி இரை) வீசுபவர்களுக்குத்தான் குழப்பம். நான் வீசுவது பெரும்பாலும் நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டைப் பக்கம் கதவணைகளில் தேங்கும் காவிரித் தண்ணீரில். மழை பெய்து ஏரிகள் நிரம்பினால் அங்கேயும் போவேன். என்னிடம் இருப்பது 4000 சைஸ் ஸ்பின்னிங் ஒன்று, 200 சைஸ் பெய்ட்காஸ்டர் ஒன்று. இரண்டின் பெட்டியிலும் கியர் விகிதம் ஏறக்குறைய 6.2:1 என்றுதான் போட்டிருக்கிறது, அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு நரம்பு ஸ்பூலில் 6.2 சுற்று ஏறும்.

அந்த எண்ணைப் பார்த்து இரண்டும் ஒரே மாதிரி இழுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பின்னிங் ஸ்பூலின் விட்டம் சுமார் 50 மில்லிமீட்டர், பெய்ட்காஸ்டருக்கு 34 மாதிரி. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் முதலாவதில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நரம்பு ஏறும், இரண்டாவதில் 66 சென்டிமீட்டர்தான். குறைவாக ஏறுவதால் கைக்குச் சுமை குறைகிறது. அதோடு ஸ்பின்னிங்கில் நரம்பு லைன் ரோலர் என்ற குட்டி உருளையில் செங்குத்தாகத் திரும்பித்தான் ஸ்பூலுக்குப் போக வேண்டும். பெய்ட்காஸ்டரில் நேராக உருளையில் சுற்றிக்கொள்கிறது.

இது கணக்கு. தண்ணீரில் எப்படித் தெரியும் என்றால், ஆகாயத்தாமரை ஓரமாக ஃப்ராக்கை இழுத்து வரும்போது விரால் ஒரு வெடி வெடித்துக் கவ்வும். கவ்விய அடுத்த நொடி இலைக்கு அடியில் தலையை விடும். அந்த வேர்க்கொத்துக்குள் அரை அடி போய்விட்டாலும் அப்புறம் மீன் உங்களுடையது அல்ல. அந்த நேரத்தில் ஸ்பின்னிங் கைப்பிடி இறுகி நின்றுவிடும். ராடைத் தூக்கி, இறக்கி, இடைவெளியில் சுற்றி என்று பம்ப் அடிக்க வேண்டும். அந்த இடைவெளி போதும் விராலுக்கு. பெய்ட்காஸ்டரில் ஸ்பூலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து ராடைப் பின்னால் வாங்கினால் நரம்பு ஓர் இம்மி நகராது. டிராக் (மீன் இழுத்தால் நரம்பை வழுக்கி விடும் பிடி) எவ்வளவு கிலோ என்ற பேச்சே தேவையில்லை. பிறகு சுற்றச் சுற்ற, இலையும் வேருமாக மீன் வழுக்கிக்கொண்டு மேலே வரும். இத்தனை வருடத்தில் இந்த ஒரு விஷயத்தில் என் பெய்ட்காஸ்டர் என்னைக் கைவிட்டதே இல்லை. 50 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு) போட்டு இழுக்கும்போது அது தரும் தைரியத்தை ஸ்பின்னிங் ஒருநாளும் தந்ததில்லை.

(சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொதிக்கிற மாதிரி தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் வந்து கடிக்கும். அவற்றைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகள் மிஞ்சாது.)

பெய்ட்காஸ்டர் என்றாலே எல்லோரும் நரம்புச் சிக்கலைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். அது அவ்வளவு பெரிய பூதம் இல்லை. பக்கவாட்டுத் திருகை லூர் மெதுவாக இறங்கும் அளவுக்கு இறுக்கி, பிரேக்கைக் கூடுதலாக வைத்து, லூர் தண்ணீரைத் தொடும் முன் ஸ்பூலில் விரலை வைத்தால் கொஞ்ச நாளில் கை பழகிவிடும். ஆடிக்காற்று மட்டும் விதிவிலக்கு. எதிர்காற்றில் ஃப்ராக் நடுவானில் வேகம் இழக்கும், ஸ்பூல் இழக்காது. அந்த மாதத்தில் நான் பேசாமல் ஸ்பின்னிங்கைத்தான் எடுத்துப் போகிறேன். ஷிமானோ 2003-லிருந்து விற்கும் டிசி பிரேக், ஸ்பூல் சுழற்சியிலேயே மின்சாரம் எடுத்து அதைக் கட்டுப்படுத்துகிறது. நல்ல வேலைப்பாடு, ஆனால் விலை நம் ஊர் ஏரிக்கரைக்கு அதிகம்.

ஸ்பின்னிங்கின் குறையான நரம்பு முறுக்குக்கு வேர் எங்கே என்று தறி ஓடும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நிலையான ஸ்பூல் ரீலுக்கு 1905-ல் காப்புரிமை வாங்கிய இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலை நடத்தியவர். ஆலையில் நூல்கண்டின் நுனிவழியாக நூல் உருவி வருவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நம் தறி நாடாவுக்குள் இருக்கும் தாரும் (ஊடை நூல் சுற்றிய குழல்) அப்படித்தானே வேலை செய்கிறது. நுனிவழியாக உருவினால் ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும். திரும்பச் சுற்றும்போது அது சரியாகிவிடும்தான். ஆனால் வாளை டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது நாமும் விடாமல் கைப்பிடியைச் சுற்றினால் முறுக்கு மேல் முறுக்காக ஏறி, அடுத்த வீச்சில் முடிச்சு விழும். மீன் ஓடும்போது கை சும்மா இருக்க வேண்டும், பெய்லை (நரம்பைப் பிடிக்கும் கம்பி வளையம்) வீசியதும் கையால் மூட வேண்டும், ஸ்பூலில் நரம்பைத் தளும்ப நிரப்பக் கூடாது. இவ்வளவு செய்தால் ஸ்பின்னிங்கில் வேறு தொல்லை இல்லை. லைன் ரோலருக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். பெய்ட்காஸ்டரின் முன்பக்கம் நரம்பை இடமும் வலமுமாகப் பரப்பும் லெவல்விண்ட் இருக்கிறதல்லவா? அதற்குள் குறுக்கும் மறுக்குமாகக் காடி வெட்டிய ஒரு தண்டு. அந்தக் காடியில் நுனியை வைத்து ஓடுவது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன ஓர் உலோகத் துண்டு. காவிரியில் புதுத்தண்ணீர் வரும்போது பிரெய்டு, வண்டலையும் நுண்மணலையும் உறிஞ்சிக்கொண்டு வந்து சரியாக அந்தத் தண்டின் மேல்தான் பிழிகிறது. நான் ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் விடுபவன். அப்படியும் முதலில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ஒரு நாள் வழிகாட்டி இடது மூலையில் நின்றுவிட்டது. நரம்பு முழுக்க ஒரே பக்கம் மேடு கட்டியது. வாளை நன்றாக ஓடும் நேரம் அது.

தேய்ந்தது அந்தத் துண்டு மட்டும். விற்ற நிறுவனம் அதைத் தனியாகத் தர மாட்டேன் என்றது. ரீலையே அனுப்பு, ஸ்டாக் வரட்டும், அடுத்த வாரம் கேளுங்கள் என்று ஒரு சீசனையே தின்றுவிட்டார்கள். பில்லில் அந்தத் துண்டின் விலை கூரியர் கூலியைவிடக் குறைவு. ரீலின் பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் நான் குறை சொல்ல மாட்டேன், திறந்து பார்த்தபோது எல்லாம் புதுசு போல இருந்தன. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாகிறது. நல்ல ஒரு இயந்திரத்தை ஒரு சின்னத் துண்டுக்காக அலமாரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அந்த மாதங்களில் எனக்கு மீன் பிடித்துக் கொடுத்தது ஸ்பின்னிங்தான். அதன் ரோலர் பேரிங் போனபோது பேரிங் கடையில் அளவு சொல்லி அன்றைக்கே வாங்கிப் போட்டேன்.

அதனால் தம்பி, மேலே பெய்ட்காஸ்டரை எவ்வளவு புகழ்ந்திருந்தாலும், ஒரே ஒரு ரீல் என்றால் ஸ்பின்னிங் வாங்குங்கள். 4000 சைஸ், 30 பவுண்டு பிரெய்டு, கொஞ்சம் விறைப்பான ராட். இலைக்குள் அடர்த்தியாக வீசாமல் ஓரத்தை மட்டும் குறிவையுங்கள். விரால் சில போகும், போகட்டும்.

விலை இறங்கியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை என்றால், கடைக்காரரிடம் அந்த லெவல்விண்ட் துண்டு தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். வரவழைத்துத் தருகிறேன் என்ற பேச்சை ஏற்காதீர்கள். கையில் எடுத்துக் கொடுத்தால் இரண்டாக வாங்கிக்கொண்டு ரீலுக்குப் பணம் கட்டுங்கள். கைப்பிடி இடதா வலதா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள், ஸ்பின்னிங் மாதிரி இதில் கழற்றி மறுபக்கம் மாட்ட முடியாது.