காய்ச்சல் பரவும் காலத்தில்: தடுப்பூசியா, காத்திருப்பா?

2009-இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய எச்1என்1 கிருமி இன்றும் பருவக் காய்ச்சலாகத் திரும்பி வருவதால், ஊசி போட்டுக்கொள்வதா, நோய் வந்தபின் மருந்தை நம்புவதா என்ற கேள்வியும் தீரவில்லை. ஊசிக்குப் பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். அதன் காப்பு முழுமையானதும் அன்று. கைவலியும் லேசான காய்ச்சலும் வரலாம்; ஆயினும் செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன ஊசி இன்ஃப்ளூயன்சா எனும் இந்தப் பருவக் காய்ச்சலை உண்டாக்காது.

காத்திருப்பவருக்கு ஓசெல்டாமிவிர் என்ற கிருமி எதிர்ப்பு மருந்து இருக்கிறது. ஆனால் அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்கு பயன்படும் என்பதையும், சாதாரணச் சளி என்றெண்ணி இரண்டு நாள் கஷாயம் குடித்துப் பார்ப்பதே நம் வீடுகளின் வழக்கம் என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த நேரம் பெரும்பாலும் கைநழுவிவிடுகிறது. கருவுற்ற பெண்களோ முதியோரோ ஆஸ்துமா உள்ளோரோ இருக்கும் வீட்டில், பரவல் தொடங்கிய பின்னரும் ஊசியையே நான் தேர்ந்தெடுப்பேன்.