மேற்கே போன குடும்பங்களின் வம்சாவளி: 1,800 டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்த போலி ரிப்போர்ட், ஓர் எச்சரிக்கை

அமெரிக்க மருமகனோ மருமகளோ உள்ள தமிழ்க் குடும்பங்களில், பேரப்பிள்ளைகளுக்காக அந்தப் பக்கத்து பூர்வீகத்தையும் தேடித் தர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் அதை வைத்துக் காசு பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஏமாந்த ஒரு குடும்பம் சரிபார்க்கச் சொல்லி எங்களிடம் கொடுத்த ரிப்போர்ட்டை முழுதாகப் படித்துவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறோம். ஊர், பெயர் எதையும் போடவில்லை.

அவர்கள் கட்டியது 1,800 டாலர், பாதி அட்வான்ஸ். கைக்கு வந்தது தோல் அட்டை போட்ட 64 பக்கப் புத்தகம். முதல் பக்கத்தில் குலச்சின்னம், அடுத்த பக்கத்தில் வண்ண வரைபடம். வர்ஜீனியாவில் புறப்பட்ட குடும்பம் கம்பர்லண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கி, அங்கிருந்து இண்டியானா, அயோவா, கடைசியில் 1852-ல் மாட்டுவண்டியில் மேற்குக் கடற்கரையிலுள்ள ஆரிகன். பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிஜமாகவே போன பாதைதான் அது. பாதை உண்மை, ஆனால் இந்தக் குடும்பம் அதில் போனது என்பதற்குப் புத்தகத்தில் ஒரு சான்றுகூட இல்லை.

முதலில் கண்ணில் பட்டது, '1890 சென்சஸ், அயோவா' என்று போட்டிருந்த அடிக்குறிப்பு. 1890 சென்சஸின் மூலப் பதிவேடுகள் தலைநகர் வாஷிங்டனில் 1921 ஜனவரியில் நடந்த தீ விபத்தில் எரிந்தும் நனைந்தும் பாழாகி, மிச்சமும் பின்னர் அழிக்கப்பட்டது. சுமார் 6,000 பேரின் பெயர்கள் உள்ள துண்டுகள்தான் தப்பின. அவற்றில் அயோவா இல்லை. இல்லாத பதிவேட்டைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார் அந்த ஆராய்ச்சியாளர்.

அடுத்தது, 1840 சென்சஸில் இண்டியானாவில் மனைவி பெயர், ஆறு பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் 'கிடைத்ததாக' ஒரு பட்டியல். 1840 வரை எடுத்த சென்சஸ்களில் பொதுவாகக் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று வயதுவாரியான கட்டங்களில் வெறும் எண்ணிக்கைதான். வீட்டிலுள்ள, அடிமைகள் அல்லாத சுதந்திர மனிதர்கள் ஒவ்வொருவரின் பெயரும் முதன்முதலாக எழுதப்பட்டது 1850-ல். அதிலும் உறவுமுறை கிடையாது. மனைவியா, தங்கையா, இரண்டாம் தாரமா என்பதை நாம்தான் வேறு சான்று வைத்து நிரூபிக்க வேண்டும். உறவுமுறைக்கும் பெற்றோர் பிறந்த இடத்துக்கும் கட்டம் வந்தது 1880-ல்தான்.

மூன்றாவதுதான் மொத்த ரிப்போர்ட்டையும் கவிழ்த்தது. பக்கம் 38-ல், தம்பதிக்கு அயோவாவில் 1852 ஜூலை 9 அன்று ஒரு பெண் குழந்தை. பக்கம் 41-ல், அதே தம்பதி ஆரிகனில் நிலத்தில் குடியேறிய தேதி 1852 செப்டம்பர் 28. இடையில் 81 நாள். மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஆரிகன் வரை ஏறத்தாழ 2,000 மைல். மாடு பூட்டிய வண்டி நல்ல நாளில் 15 மைல் போகும். ஆற்றைக் கடக்க, சக்கரம் சரிபார்க்க, மாட்டை மேயவிட என்று நின்ற நாட்களும் சேர்ந்தால் நாலு மாதத்துக்குக் குறையாது, ஆறு மாதமும் ஆகும். வழியெல்லாம் மாட்டுக்குப் புல் வேண்டும், மலையில் பனி விழுவதற்குள் தாண்டவும் வேண்டும் என்பதால் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ கிளம்பிவிடுவார்கள். பத்து நாள் பச்சைக் குழந்தையோடு ஜூலை நடுவில் கிளம்பி, தினம் 28 மைல் ஓட்டிக்கொண்டு யாரும் ஆரிகன் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அயோவாக்காரர் ஒருவர், ஆரிகன்காரர் இன்னொருவர், இருவருக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான். ஊருக்கு நாலு பேர் இருக்கக்கூடிய சாதாரணப் பெயர் அது.

ஆரிகன்காரரின் கதை அவருடைய நிலக் கோப்பிலேயே இருந்தது. 1850-ஆம் ஆண்டு ஆரிகன் நிலக்கொடைச் சட்டப்படி, 1850 டிசம்பர் 1-க்குள் அங்கே இருந்த தம்பதிக்கு 640 ஏக்கர், அதற்குப் பிறகு வந்த தம்பதிக்கு 320 ஏக்கர். அதில் பாதி மனைவி பெயரிலேயே பதிவாகும். (அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடியினரோடு ஒப்பந்தம் முடியும் முன்பே அவர்கள் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த சட்டம் இது என்பதையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.) இந்தச் சட்டத்தில் விண்ணப்பித்தவர் பிறந்த ஆண்டு, பிறந்த மாநிலம், திருமணமான தேதி, இடம், மனைவியின் முதற்பெயர், எப்போது நிலத்தில் குடியேறினார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இது தங்கம். இந்தக் குடும்பத்து முன்னோரான அந்த ஆரிகன்காரர் ஒஹையோவில் பிறந்து, இல்லினாய்ஸில் திருமணம் செய்து, நேரே ஆரிகன் வந்தவர். வர்ஜீனியா, கென்டக்கி, கம்பர்லண்ட் கணவாய் எல்லாம் வேறு வீட்டுக் கதை. ரிப்போர்ட் எழுதியவர் கோப்பிலிருந்து ஒரு தேதியை யாரோ இணையத்தில் எடுத்துப் போட்டதைப் பார்த்து எழுதியிருக்கிறார், கோப்பைத் திறக்கவே இல்லை.

இந்தத் துறையில் இந்த மோசடிக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1942-ல் இறந்த குஸ்டாவ் ஆன்ஜூ என்பவர் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்துகொண்டு பணக்காரக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளி எழுதிக் கொடுத்தார். நிஜமான உயில்களையும் தேவாலயப் பதிவுகளையும் நிறைய அடுக்கிவிட்டு, இரண்டு தலைமுறையைச் சேர்க்கும் அந்த ஒரே ஒரு கண்ணியை மட்டும் புனைந்து நுழைப்பது அவர் முறை. அவர் எழுதியவை இன்றும் நூலகங்களில் கிடக்கின்றன, இன்றும் நகலாகின்றன. அடிக்குறிப்பு எத்தனை என்று எண்ணிப் பார்த்து நம்பாதீர்கள். ஊர் விட்டு ஊர் போன இடத்தில், பழைய ஊர் மனிதரும் புதிய ஊர் மனிதரும் ஒருவரே என்று சொல்லும் சான்று எது, அதை மட்டும் கேளுங்கள்.

அந்தச் சான்று எங்கெல்லாம் கிடைக்கும் என்பது தெரிந்திருந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. எப்போதும் மேற்குக் கோடியிலிருந்து, அதாவது கடைசியாக இறந்த இடத்திலிருந்து, கிழக்கு நோக்கித்தான் தேட வேண்டும். பிள்ளைகள் பிறந்த மாநிலங்களை 1850, 1860, 1870 சென்சஸ்களில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே பாதை தெரியும். மூத்தவன் ஒஹையோ, அடுத்தவள் இல்லினாய்ஸ், கடைக்குட்டி ஆரிகன் என்றால், எந்த ஆண்டுகளுக்கு நடுவில் நகர்ந்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். கான்சாஸ் மாநிலம் தனியாக எடுத்த 1875, 1885 சென்சஸ்களில் எந்த இடத்திலிருந்து கான்சாஸ் வந்தீர்கள் என்றே ஒரு கட்டம் உண்டு. அயோவாவின் 1925 மாநில சென்சஸில் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வரை இருக்கும்.

பாதை தெரிந்த பிறகு, விட்டு வந்த ஊரின் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தில் தேட வேண்டும். மேற்கே போன பிள்ளைக்குக் கிழக்கே அப்பா சொத்தில் பங்கு இருக்கும். அப்பா இறந்ததும் வாரிசுப் பட்டியலில் 'இப்போது ஆரிகனில் இருக்கும் மகன்' என்று எழுதுவார்கள். அவர் நேரில் வர முடியாமல் அண்ணனுக்கோ மைத்துனனுக்கோ பவர் எழுதி அனுப்பி, பங்கை விற்றிருப்பார். அந்த பவர் பத்திரத்தில் இரண்டு ஊரும் ஒரே தாளில் இருக்கும். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைக் குடும்பமாக இருந்தால் இன்னும் சுலபம். ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகும்போது இடமாற்றச் சான்று கொடுத்து, கொடுத்ததையும் பெற்றதையும் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரரின் விதவை பென்ஷன் கேட்டிருந்தால், திருமணத்துக்கும் பிள்ளைகள் பிறப்புக்கும் சாட்சி சொன்ன பழைய ஊர்க்காரர்களின் வாக்குமூலமே கோப்பில் கிடைக்கும்.

நிலப் பட்டாவில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் அரசு கொடுத்த பட்டாக்களின் படத்தை இலவசமாகப் பார்க்கலாம். ரிப்போர்ட் விற்கிறவர்கள் அந்தப் படத்தை அச்சடித்து, 'உங்கள் முன்னோர் வாழ்ந்த இடம்' என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். பிரிட்டனோடு நடந்த 1812 போரின் வீரர்களுக்கும் பின்னர் வந்த வீரர்களுக்கும் கொடுத்த போர்ச்சேவை நிலச் சீட்டுகளை (சேவைக்கு ஈடாக அரசு நிலம் பெறும் உரிமைத் தாள்)ப் பெரும்பாலானோர் கைக்காசுக்கு விற்றுவிட்டார்கள். பட்டாவில் வீரரின் பெயரும் இருக்கும், சீட்டை வாங்கியவரின் பெயரும் இருக்கும். வீரர் அந்த மாநிலத்தையே பார்த்திருக்க மாட்டார். இந்த ரிப்போர்ட்டில் அயோவா அத்தியாயம் முழுவதும் அப்படி ஒரு சீட்டின் மேல்தான் கட்டியிருந்தது. பணம் கட்டி வாங்கிய நிலத்தின் கோப்பிலும் ரசீதைத் தவிர அதிகம் இருக்காது. குடியிருந்து பயிர் செய்பவருக்கு அரசு நிலம் தரும் 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் எடுத்தவர் கோப்பு வேறு மாதிரி. ஐந்து வருடம் குடியிருந்ததற்கு இரண்டு சாட்சிகள், வீடு எத்தனை அடி, எத்தனை ஏக்கர் உழுதார், குடும்பத்தில் எத்தனை பேர், வெளிநாட்டவர் என்றால் குடியுரிமைத் தாள் எல்லாம் இருக்கும். பட்டா வேறு, கோப்பு வேறு. கோப்பு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, நகல் சுமார் 50 டாலர். 1,800 டாலர் வாங்கியவர் இந்த 50 டாலரைச் செலவழிக்கவில்லை.

வண்டித் தொடரின் 'பயணிகள் பட்டியல்' என்று எதையாவது நீட்டினால் உஷாராகுங்கள். கப்பலுக்கு இருந்ததுபோல ஆரிகன் பாதைக்கு அரசுப் பட்டியல் எதுவும் கிடையாது. நாட்குறிப்புகளிலிருந்தும் முன்னோடிகள் சங்கங்களின் நினைவுகளிலிருந்தும் பின்னால் தொகுத்தவைதான் இருக்கின்றன. 1847 முதல் 1868 வரை யூட்டாவுக்குப் போன மார்மன் மதக் குழுக்களுக்கு மட்டும் அவர்கள் திருச்சபை நல்ல தரவுத்தளம் வைத்திருக்கிறது. 'டிஎன்ஏ உறுதி செய்கிறது' என்று எழுதி 8 சென்டிமார்கன் (பொதுவான டிஎன்ஏ-வை அளக்கும் அலகு) பொருத்தத்தைக் காட்டினால், அதுவும் ஏமாற்றுதான். அவ்வளவு சிறிய பொருத்தங்களில் பல தற்செயலானவை, எந்த முன்னோர் வழியாக வந்தது என்று சொல்லவும் முடியாது.

ஆள் வைத்துத்தான் தேட வேண்டும் என்றால் 'பத்து தலைமுறை இத்தனை டாலர்' என்ற பேக்கேஜை எடுக்காதீர்கள். தலைமுறைக்குக் காசு என்றால், சான்று கிடைக்காத இடத்திலும் தலைமுறை முளைக்கும். மணிக்கணக்குக்கு, ஒரே ஒரு கேள்விக்கு வேலை கொடுங்கள்: 'ஆரிகனில் இறந்த இன்னாரின் பெற்றோர் யார்?' பத்து மணி நேரத்தோடு நிறுத்தி அறிக்கை கேளுங்கள். பார்த்த ஒவ்வொரு ஆவணத்தின் படமும், கவுண்டி, புத்தக எண், பக்க எண்ணும் வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். தேடியும் கிடைக்காதவற்றின் பட்டியலும் வேண்டும். நேர்மையான ஆள் என்றால் அந்தப் பட்டியல் நீளமாகவே இருக்கும். வாஷிங்டனில் 1964 முதல் இயங்கும் வம்சாவளியாளர் சான்றளிப்பு வாரியம் தன் சான்று பெற்றவர்களின் பெயர்களை வெளியிடுகிறது, அதில் பாருங்கள். பழைய வேலை ஒன்றை மாதிரிக்குக் கேட்டு, ஒரு அடிக்குறிப்பை நீங்களே சரிபாருங்கள். ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசக் கணக்கு திறந்தாலே பல கவுண்டிப் புத்தகங்களின் படங்கள் கிடைக்கும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அந்தத் தொகை வந்த முதல் பில்லிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 'ரிப்போர்ட் சரியில்லை' என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. '1890 அயோவா சென்சஸ் இல்லாத ஆவணம்' என்பதுபோல, ஒப்பந்தத்தில் சொன்னதற்கு மாறானதைக் குறிப்பாகக் காட்டுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் ஸெல் சேவை மூலம் நீங்களாக அனுப்பிய பணம் திரும்புவது கஷ்டம், அதனால்தான் இவர்கள் ஸெல்லையே கேட்கிறார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள், செலவில்லை.

கடைசியாக ஒரு வேலை, இதைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த ஆராய்ச்சியாளர் இந்தப் போலி வம்சாவளியை, இணையத்தில் எல்லோரும் திருத்தக்கூடிய பொது வம்ச மரத்திலும் ஏற்றிவிட்டிருந்தார். பெயரைத் தேடுகிற மற்றவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஃபேமிலிசெர்ச் பொது மரத்தில் அந்த மனிதரின் பக்கத்துக்குப் போய், மாற்றங்களின் வரலாற்றில் தவறான பெற்றோரை யார், எப்போது சேர்த்தார்கள் என்று பாருங்கள். அந்த இணைப்பை நீக்கி, காரணக் கட்டத்தில் நிலக் கோப்பின் எண்ணையும், அதில் பிறந்த இடம் ஒஹையோ என்று இருப்பதையும் எழுதுங்கள். கோப்பின் படத்தையும் அங்கேயே ஏற்றி வையுங்கள். காரணம் எழுதாமல் நீக்கினால் வேறு யாராவது வந்து பழையபடி சேர்த்துவிடுவார்கள்.