பேச்சியம்மாள் 2 பேர்: பைத்தான் அரட்டை அறைகளில் 3 வருடம்

எங்கள் வீட்டில் அப்பளத் தொழில். கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் இதைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு விவரம் கேட்பதில்லை. உளுந்து மாவைப் பிசைந்து நாங்கள் கொடுத்துவிடுவோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் இட்டு, காயவைத்துக் கொண்டுவந்து தருவார்கள். மொத்தம் 38 பேர். யார் எத்தனை கிலோ மாவு எடுத்தார், எவ்வளவு அப்பளம் திரும்பி வந்தது, உடைசல் எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் கணக்கு முடித்துக் கூலி கொடுப்பது என் வேலை. பி.காம் படித்தவள் என்பதால் கல்யாணமாகி வந்த மாதமே நோட்டு என் கைக்கு வந்துவிட்டது.

நோட்டு பிற்பாடு எக்செல் ஆனது. அதில் ஒருநாள் ஏதோ ஒரு கட்டம் தவறுதலாக இழுபட்டு, 3 பேருக்குக் கூலி கூடிப் போய்விட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா? அந்த எரிச்சலில்தான் 2022 ஆடி மாதம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழியைப் படிக்க உட்கார்ந்தேன். வீடியோ பார்த்துப் படிப்புதான். வீடியோவில் எல்லாம் ஓடும், என் லேப்டாப்பில் ஓடாது. பக்கத்தில் கேட்க ஆளில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் இடங்கள் உண்டு. ஆனால் ராத்திரி 10 மணிக்கு வீட்டு வேலை முடித்துவிட்டு வருகிறவளுக்கு எந்த இடம் திறந்திருக்கும்? அப்படித்தான் அரட்டை அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் சேர்ந்தது போனில் இருந்த ஒரு தமிழ்க் குழு. பெயர் வேண்டாம். காலையில் 40 குட்மார்னிங் படங்கள், மத்தியானம் வேலைவாய்ப்பு விளம்பரம், சாயங்காலம் "3 மாதத்தில் டேட்டா சயின்ஸ்" என்று கோர்ஸ் விற்கிறவர்கள். நடுவில் நான் கேட்ட கேள்வி சந்தையில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றது. இன்புட் (நாம் தட்டித் தரும் விவரம்) வாங்கி முன்பணத்தைக் கூட்டினால் 500-ம் 200-ம் சேர்ந்து 500200 என்று வந்தது. இசக்கியம்மாள் 5 லட்ச ரூபாய் முன்பணம் வாங்கியதாகக் கணக்கு காட்டியது. ஒருவர் "கூகுள்ல தேடுங்க மேடம்" என்றார். இன்னொருவர் தனிச் செய்தியில் வந்து, பைத்தானைத் தவிர எல்லாம் விசாரித்தார். 10 நாளில் வெளியேறினேன். நல்ல தமிழ்க் குழுக்களும் இருக்கின்றன, பின்னால் பார்த்தேன். எனக்கு முதலில் வாய்த்தது அது.

அப்புறம் ஐஆர்சி. 1988-ல் ஃபின்லாந்தில் உருவான அரட்டை முறை இது. எழுத்து மட்டும்தான், படம் கிடையாது, நேற்றைய பேச்சு இன்று தெரியாது. ஃப்ரீநோட் என்ற பழைய இடத்திலிருந்து பிரிந்த தன்னார்வலர்கள் 2021 மே மாதம் தொடங்கிய லிபரா சாட்டில் பைத்தானுக்கென்று ஓர் அறை உண்டு. பிரவுசரிலேயே திறக்கலாம். பெண் என்று தெரியாத ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்: பிரண்டை. அது என்னவென்று இன்றுவரை அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

அந்த 500200-ஐ அங்கே கேட்டேன். என் ஆங்கிலம் கணக்கு எழுதும் ஆங்கிலம். ஒரு வரி எழுத 10 நிமிஷம் ஆனது. 1 நிமிஷத்தில் பதில். இன்புட் எப்போதும் எழுத்தாகத்தான் தரும், கூட்டுவதற்குமுன் எண்ணாக மாற்று என்றார்கள். என் இலக்கணத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று. எக்செல் கணக்கை வெறும் எழுத்தாகச் சேமித்த சிஎஸ்வி கோப்பைப் படிக்க எழுதிய நிரல் திடீரென்று ஓடவில்லை. நீளமாகச் சிவப்பில் ஏதோ வந்தது. ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: உன் நிரல் கோப்புக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய்? நான் அதற்கு சிஎஸ்வி என்றே பெயர் வைத்திருந்தேன். தன்னோடு தயாராக வரும் சிஎஸ்வி என்ற நிரல்பகுதியை (மாடியூல்) தேடப் போன பைத்தான், அதே பெயரில் வாசலில் நின்ற என் கோப்பையே பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. பெயரை மாற்றினேன், ஓடியது.

நேரக் கணக்கும் நமக்குத் தோதுதான். இங்கே ராத்திரி 11 மணி என்றால் லண்டனில் சாயங்காலம், நியூயார்க்கில் மதியம். நான் ஓய்ந்து உட்காரும் நேரம் அறை கலகலவென்று இருக்கும். அத்தைதான் முதலில் ஒப்பவில்லை. "ஏட்டி, இந்நேரத்துல யாருகூட டொக்கு டொக்குன்னு பேசிக்கிட்டிருக்க?" என்று திண்ணையிலிருந்து கேட்பார்கள். கூலிக் கணக்கு என்றால் சரி என்று படுத்துவிடுவார்கள்.

கஷ்டம் கரண்டில்தான். சாரல் காலத்தில் கரண்ட் போனால் மோடம் போகும், மோடம் போனால் ஐஆர்சி போகும். திரும்ப வந்து பார்த்தால் எனக்கு எழுதிய பதில் இருக்காது. ஆள் இல்லாத வீட்டில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனதுபோல அது போய்விடும். இதற்காகவே 2023-ல் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் இருக்கும் பைத்தான் சமூகத்துக்கும் போனேன். அங்கே கேள்விக்கென்று தனி இழை, பழையதெல்லாம் அப்படியே இருக்கும், காலையில் எழுந்துகூடப் படிக்கலாம். ஆனால் கூட்டம் அதிகம். பேச்சுக்கு இன்றும் எனக்கு ஐஆர்சிதான் பிடிக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 38 பேருக்கும் 38 வேரியபிள் (கணக்கைப் போட்டு வைக்கும் பெயரிட்ட டப்பா மாதிரி) தானாக உருவாக்குவது எப்படி என்று ஒருநாள் கேட்டேன். பேச்சியம்மாள் என்று ஒரு வேரியபிள், இசக்கியம்மாள் என்று ஒரு வேரியபிள். பதில் சொல்வதற்குப் பதிலாக, எதற்கு இது என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்குக் கோபம். கடையில் கால் கிலோ பருப்பு கேட்டால் எதற்கு என்றா கேட்பார்கள்? வேண்டா வெறுப்பாக விளக்கினேன். அப்படியானால் உனக்கு வேண்டியது வேரியபிள் இல்லை, டிக்‌ஷனரி என்றார்கள். பெயரைச் சொன்னால் அதற்குரிய கணக்கை எடுத்துத் தருவது. புதிதாக வருகிற பாதிப்பேர் இதையே கேட்பார்கள் போலிருக்கிறது. அவர்களுக்குப் பழகிப்போன கேள்வி. ராத்திரி 1 மணிவரை உட்கார்ந்து மாற்றி எழுதினேன். முன்பு 200 வரி இருந்தது 30 வரியாகச் சுருங்கியது. வெளியே போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, நாய்தான் முழித்திருந்தது.

2 சனிக்கிழமை கழித்துக் கூலி கொடுக்கும்போது மேலத்தெரு பேச்சியம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். "ஏந்தாயி, எம்பேரு இல்லியா?" பட்டியலில் பேச்சியம்மாள் இருந்தாள், ஆனால் தொகை வடக்குத்தெரு பேச்சியம்மாளுடையது. டிக்‌ஷனரியில் ஒரு பெயருக்கு ஓர் இடம்தான்; இரண்டாவதாக வந்த பேச்சியம்மாள் முதலாமவளை அழித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பைத்தான் ஓர் எச்சரிக்கைகூடக் காட்டாது. அதன் கண்ணுக்கு அது தவறே இல்லை. நோட்டில் 38, பட்டியலில் 37. நானும் எண்ணிப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன், முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அன்று ராத்திரி அறையில் போய்ச் சண்டை போட வேண்டும் என்றே உட்கார்ந்தேன். கரண்டுக்குப் பயந்து பேச்சையெல்லாம் நகலெடுத்து வைக்கும் பழக்கம் வந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். டிக்‌ஷனரி சொன்னவர் அடுத்த வரியிலேயே கேட்டிருக்கிறார்: பெயர்கள் ஒன்றுபோல இன்னொன்று வராதே? நான் "வராது" என்று எழுதியிருக்கிறேன். இத்தனைக்கும் எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு பேச்சியம்மாள் மேலேயோ இசக்கியம்மாள் மேலேயோதான் விழும். அவருக்கு பைத்தான் தெரியும், எங்கள் தெரு எப்படித் தெரியும்? இப்போது பெயருக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் நோட்டு எண்ணைத்தான் சாவியாக வைத்திருக்கிறேன். நிரல் முடியும்போது 38 வந்ததா என்று எண்ணிவிட்டுத்தான் பட்டியலே வெளியே வரும்.

தமிழ் எழுத்து விஷயத்தில் அறை கொஞ்சம் தடுமாறத்தான் செய்தது. பெயர்களைத் தமிழில் வைத்துக் கோப்பைத் திறந்தால் 'சார்மேப்' என்று ஒரு பிழை. அவர்கள் தீர்வை உடனே சொன்னார்கள்: விண்டோஸ் ஒரு பழைய குறியீட்டில் படிக்கிறது, திறக்கும்போது யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள குறியீடு) என்று கேள். சரியாகிவிட்டது. ஆனால் ஒருவர் மட்டும் விடவில்லை. கோப்பில் ஒரே ஒரு சொல் வைத்து, யுடிஎஃப்-8 சொல்லாமல் திறந்து பார் என்றார். "மீனா" என்று வைத்தேன். பிழை இல்லை, ஆனால் கண்டபடி லத்தீன் குறிகளாக வந்தது. "பெயர்" என்று வைத்தேன். 14-ஆம் இடத்தில் படிக்க முடியாத பைட் (கோப்பில் எழுத்தைச் சேமிக்கும் சின்ன எண்) என்று நின்றது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ப, கொம்பு, ய, ர, புள்ளி என 5 குறிக்கு 15. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 14 என்பது புள்ளியின் கடைசி பைட். அந்தப் பழைய குறியீட்டில் அந்த பைட்டுக்கு எழுத்தே கிடையாது. மெய்யெழுத்துக்குத் தலையில் வைக்கிற புள்ளிதான் விண்டோஸை நிறுத்தியிருக்கிறது! உகரக் குறிக்கும் இதே கதைதான். இதை அவரிடம் விளக்கியபோது, புள்ளி என்றால் என்ன என்று கேட்டார். அரை மணி நேரம் நான் பாடம் நடத்தினேன், அறையில் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐஆர்சியில் தமிழிலேயே எழுதலாமா என்றால், எழுதலாம், ஆனால் ஒரு செய்திக்கு மொத்தம் 512 பைட்தான். நம் எழுத்துக்கு 3 பைட் வீதம் போனால் 150 குறி தாண்டுவதற்குள் வாக்கியம் பாதியில் அறுந்துவிடும். ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டை.

வரிசைப்படுத்துவதிலும் இதே பாடு. பைத்தானிடம் கொடுத்தால் பாரதி முதலில், பார்வதி அடுத்து என்று தருகிறது. நம் அகராதிப்படி ர் முதலில், அப்புறம்தான் ர; பார்வதிதான் முன்னால் வரவேண்டும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளியின் எண் எழுத்துகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் வந்த வினை. அறையில் கேட்டேன், பதில் வரவில்லை. ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். அதை வைத்து வரிசைக்கு ஒரு சின்ன வழி நானே எழுதிக்கொண்டேன். இப்போது யாராவது தமிழ், மலையாளம் என்று கேட்டு வந்தால் "பிரண்டையைக் கூப்பிடு" என்கிறார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. தம்பி மகன் எஞ்சினியரிங் படிக்கிறான். "அத்தை, உங்க ஆட்களிட்ட கேட்டு இதை முடிச்சுத் தாங்க" என்று அசைன்மென்ட்டை அனுப்பினான். நீயே கேள் என்று விட்டேன். டிஸ்கார்டில் போய், லேப்டாப் திரையைப் போனால் சாய்வாகப் படம் பிடித்துப் போட்டான், ஓரத்தில் சாப்பாட்டுத் தட்டு. எழுத்தாக ஒட்டு, இதுவரை நீ என்ன செய்தாய் காட்டு என்றார்கள். அவன் ஒன்றும் செய்திருக்கவில்லை. "திமிர் பிடிச்சவனுங்க" என்று வந்துவிட்டான். சில பேர் அப்படி இருக்கத்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. எனக்கும் ஒருவர் "ஆவணத்தைப் படி" என்று ஒரே வரியில் இணைப்பை எறிந்ததுண்டு. ஆனால் பிழை வந்த கடைசி வரியை முழுதாகவும், நிரலில் தேவையான 10 வரியையும் கொடுத்தால் பெரும்பாலும் ஆள் கிடைக்கிறார். பாதி நாள் அந்த 10 வரியாகச் சுருக்கும்போதே எனக்குத் தவறு தெரிந்துவிடுகிறது. கேட்காமலே மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏஐ சாட்பாட் வந்தபிறகு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதலில் சாட்பாட்டிடம்தான் கேட்கிறேன். தமிழில் பதில் சொல்கிறது, கரண்ட் போனாலும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த 38 வேரியபிள் கேள்வியை விளையாட்டாக அதனிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டபடியே செய்து கொடுத்துவிட்டது, வணக்கம் சொல்லி.

போன வாரம் அறையில் புதிதாக ஒருவர். சின்னக் கடை வைத்திருக்கிறாராம், ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் ஒரு வேரியபிள் தானாக உருவாக்க வேண்டுமாம். டிக்‌ஷனரி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெயர்கள் ஒன்றுபோல வருமா என்று நான் கேட்டேன். வராது என்றார். கடை நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று எழுதினேன். 20 நிமிஷம் கழித்து வந்தார்.

"3 டேவிட்" என்றார்.