தன் பெயரைத் தானே அழிக்கும் தைலம்: நீலகிரித் தைலத்துடன் பதினைந்து ஆண்டுகள்

சென்ற வாரம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து என் நாத்தனார் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணி, உங்க வீட்ல எப்பவும் இருக்குமே, அதே நீலகிரித் தைலம் ரெண்டு பாட்டில் வாங்கிட்டேன். ரெண்டா எடுத்தா விலை குறைச்சுத் தர்றாங்க. பேரனுக்குச் சளி கட்டிக்கிட்டு மூச்சு கொறகொறன்னு இருக்கு. மூக்குக்குக் கீழ ஒரு சொட்டு தடவட்டுமா?" என்று கேட்டாள். குழந்தைக்குப் பதிமூன்று மாதம். தடவவே கூடாது, மூச்சு அப்படி இருந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டு, பாட்டிலை அவன் கைக்கு எட்டாமல் வை என்று சொல்லி வைத்துவிட்டேன். 2009 முதல் என் வீட்டில் ஒரு நாளும் இல்லாமல் போகாத ஒரு பொருளை அவளுக்கு மட்டும் ஏன் அவ்வளவு கடுமையாக மறுத்தேன் என்பதை விளக்க அன்று நேரம் இல்லை. அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

கடலூரில் ஐப்பசி பிறந்தால் வீட்டுச் சுவர் வியர்க்கத் தொடங்கிவிடும். எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் கார்த்திகை முடியும் வரை துணி ஒழுங்காகக் காய்வதில்லை. வீட்டில் யாராவது ஒருவருக்கு மூக்கடைப்பு இருந்துகொண்டே இருக்கும். என் மாமியார் இருந்தவரை வேலியோரத்து நொச்சியை ஒடித்து வந்து கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொல்வார். வேலி போய் மதில் வந்தது, நொச்சி போய்த் தைலம் வந்தது. குண்டானில் கொதித்து இறக்கிய நீரை ஆடாத இடத்தில் வைத்து, ஒரு நிமிடம் அடங்கவிட்டு, மூன்று சொட்டு விட்டால் போதும். எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மெல்லிய படலமாக விரியும், விரிந்த வேகத்திலேயே ஆவியோடு எழும்பிவிடும். அந்த முதல் ஆவி கண்ணைக் கரிக்கும் என்பதால் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் போர்வைக்குள் தலையை நுழைக்க வேண்டும். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோவது நாம் நினைப்பதைவிட எளிதாக நடந்துவிடும் என்பதால் சிறுபிள்ளைகளை நான் இந்தப் பக்கமே விடுவதில்லை.

பலனைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்தத் தைலத்தின் பெரும்பகுதி சினியோல் என்னும் பொருள்; மருந்துத் தரத்துக்கு நூற்றுக்கு எழுபது பங்காவது அது இருக்க வேண்டும். மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்பு நுனிகளை அது தூண்டுவதால், உள்வீக்கம் அப்படியே இருக்கும்போதும் மூச்சு தாராளமாகப் போவதுபோல் தெரிகிறது. சளி தன் ஒரு வாரம், பத்து நாள் கணக்கை முடித்துக்கொண்டுதான் போகிறது; தைலம் அதில் ஒரு நாளைக் குறைத்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் இரவு பத்து மணிக்கு மூக்கடைத்துப் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது அரை மணி நேர ஆறுதல் தருகிறது, அந்த அரை மணிக்குள் தூக்கம் வந்துவிடுகிறது. அதற்காகவே இத்தனை ஆண்டுகள் வாங்குகிறேன். முழங்கால் வலிக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு மூன்று சொட்டுக் கலந்து தேய்ப்பதுண்டு. தேய்க்கும் கையின் சூடு பாதி, தைலம் பாதி என்றே அதைக் கணக்கிடுகிறேன்.

கடலூரைச் சுற்றிச் செம்மண் மேட்டில் முந்திரிக்குப் பக்கத்திலேயே தைல மரத் தோப்புகள் இருக்க, நீலகிரித் தைலம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இங்கே நிற்பவை பெரும்பாலும் காகிதக் கூழுக்கும் கம்பத்துக்கும் வளர்க்கும் வகை. மருந்துத் தைலம் மலையில் கற்பூர மரம் என்று சொல்லும் வேறு வகையின் இலையில் வடிப்பது, நூறு கிலோ இலைக்கு ஒன்றிரண்டு கிலோ எண்ணெய்தான் தேறும். ஊட்டிக்குப் போனவர்கள் வாங்கி வந்து கொடுத்த பாட்டில்களில் ஒன்றிரண்டு கலப்படமாக இருந்தன. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காற்றில் வைத்தால் நல்ல தைலம் கறை இல்லாமல் பறந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறது. தானும் பறந்துவிடும் டர்பன்டைன் போன்ற கலப்படத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதிர்பாராமல் கிடைத்த ஒரு நன்மை இருக்கிறது. புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைக் கிழித்தபின் நிற்கும் பசையை, துணியில் இரண்டு சொட்டுத் தைலம் நனைத்துத் துடைத்தால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். பண்ருட்டிப் பலா அறுத்த அரிவாள்மணையில் தேங்காய் எண்ணெய்க்கும் அசையாமல் ஒட்டிக்கிடக்கும் பிசினையும் இப்படியே எடுத்திருக்கிறேன். பசை, பிசின், மை, சில வகைப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் இளக்கும் குணம் இதற்கு உண்டு. தெர்மாகோல் தட்டில் ஒரு சொட்டு விழுந்தால் குழி விழுந்துவிடும். மூடியில் ரப்பர்ச் சொட்டான் வைத்த பாட்டிலை ஒருமுறை வாங்கினேன், ஆறே மாதத்தில் ரப்பர் ஊதிக் கொழகொழவென்று ஆகிவிட்டது.

இந்தக் குணம்தான் பதினைந்து ஆண்டுகளாக என்னை வாட்டும் குறைக்கும் காரணம். எந்த நிறுவனத்தின் பாட்டிலாக இருந்தாலும், சொட்டு விட்டு நிமிர்த்தும்போது கடைசித் துளி உள்மூடியின் விளிம்பில் நின்று, கழுத்து வழியாக மெல்ல இறங்கி, லேபிளின் மேல் ஓரத்தைத் தொடும். முதல் மாதம் லேபிளின் மேல்முனை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், இரண்டாம் மாதம் எழுத்தின் விளிம்பு கலங்கும், மூன்றாம் மாதம் கட்டை விரல் படும் இடத்தில் எழுத்தே இருக்காது. முதலில் அழிவது பெயர். அதற்கு அடுத்து அழிவது, 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்ற வரி. கடைசியில் கையில் எஞ்சுவது பெயரில்லாத பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், வீட்டில் இருக்கும் இருமல் மருந்து பாட்டிலுக்கும் அதற்கும் உருவத்தில் ஒரு வேறுபாடும் இல்லை. உள்ளே இருப்பது எதையெல்லாம் கரைக்கும் என்று செய்பவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும், அது தொட்டால் அழியும் மையில், அது தொட்டால் உரியும் பசையில் எச்சரிக்கையை ஒட்டி விற்கிறார்கள். கண்ணாடியிலேயே எழுத்தைப் புடைப்பாக வார்த்துத் தரலாம், குழந்தை திறக்க முடியாத அழுத்து மூடி போடலாம். இதை எழுதி நான் வாங்கும் நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

இதை ஏதோ சின்னக் குறையைப் பெரிதாக்குவதாக யாரும் எண்ணவேண்டாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின் எங்களுக்குப் பல நாள் மின்சாரம் இல்லை. விழுந்த முருங்கையையும் மாமரக் கிளைகளையும் ஈரத்திலேயே நின்று வெட்டி அப்புறப்படுத்தியதில் என் கணவருக்குக் கடும் இருமல், மூக்கடைப்பு. ஜனவரி முதல் வாரத்தில் ஓர் இரவு, என்னை எழுப்ப வேண்டாம் என்று எண்ணி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அலமாரியில் கைவிட்டு, இருமல் மருந்து என்று தைலத்தைக் கரண்டியில் ஊற்றிக் குடித்துவிட்டார். வாசனையில் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, மூக்கு அடைத்திருந்ததால்தான் அவர் மருந்தையே தேடினார் என்பது. நாக்கில் பட்டதும் காறித் துப்பினார், பாதி உள்ளே போய்விட்டது. தொண்டையும் வயிறும் எரிகிறது என்றார், கொஞ்ச நேரத்தில் நிற்க முடியாமல் தலை சுற்றியது.

நான் உப்பைக் கரைத்து வாந்தி எடுக்க வைக்கப் போனேன். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுச் செவிலியர் தம்ளரை என் கையிலிருந்து பிடுங்கி வைத்தார். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது இன்னும் மோசம் என்றார். மரம் கிடந்த தெருக்களைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் மருத்துவமனை சேர்ந்தோம். மறுநாள் காலை வரை கண்காணிப்பில் வைத்திருந்தார்கள், நல்லபடியாகத் தேறி வந்தார். அன்று மருத்துவர் சொன்ன ஒன்று இன்றும் என் காதில் நிற்கிறது: பெரியவருக்கு இத்துடன் போயிற்று, இதே ஒரு தேக்கரண்டி சின்னக் குழந்தைக்கு வலிப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரும், உயிருக்கே ஆபத்தாகலாம். குடித்தால் மட்டும் அல்ல, முகர்ந்தும் பூசியும்கூட வலிப்பு வந்தவர்களைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். வலிப்பு நோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் இதைத் திறக்கவே கூடாது. கைக்குழந்தையின் மூக்கருகே தடவினால் குரல்வளை இறுகி மூச்சுத் திணறக்கூடும் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

இரண்டு பாட்டிலையும் ஒரே தட்டில் வைத்தது என் தவறு, அதை மறைக்கவில்லை. அதன்பின் செய்யாத முயற்சி இல்லை. லேபிள் மேல் செல்லோடேப் ஒட்டினேன், பசை இளகி டேப் நழுவியது. மார்க்கர் பேனாவால் எழுதினேன், ஒரே வாரத்தில் கரைந்து விரலில் வந்தது. கடைசியில் நின்றது பூத்தொடுக்கும் பருத்தி நூல்தான். சிவப்பு நூலைப் பாட்டிலின் கழுத்தில் பத்துச் சுற்றுச் சுற்றி முடிச்சிட்டால், வழியும் துளியையும் அது குடித்துக்கொள்கிறது, இருட்டில் தடவினாலும் சொரசொரப்பில் இது எது என்று தெரிந்துவிடுகிறது. அந்த பாட்டிலை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்து, டப்பாவைப் பீரோவின் மேல்தட்டில் ஏற்றிவிடுகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்து வந்து ஊர் இருளில் கிடந்தபோது, நூலைத் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

நல்ல தைலம் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. என் கணவரும் அந்த இரவுக்குப் பிறகு ஆவி பிடிப்பதை விடவில்லை, நானும் வாங்குவதை நிறுத்தப்போவதில்லை. ஆனால் தவழ்ந்து எழுந்து நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதை வாங்கச் சொல்லி ஒருவரிடமும் சொல்ல மாட்டேன், எத்தனை விலை குறைந்தாலும் சரி. நேற்று மாலை நாத்தனாரை மீண்டும் அழைத்து இதையெல்லாம் சொன்னேன். பேரனை மருத்துவரிடம் காட்டிவிட்டாளாம், மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறாராம், மூச்சு இப்போது பரவாயில்லையாம். பிரித்துவிட்ட பாட்டிலைக் கடையில் எடுக்கமாட்டார்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை வரும் தன் மகனிடம் இரண்டையும் எனக்கே கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள். நூல் எடுத்து வைத்திருக்கிறேன்.